ஜெபசீலன் ஏழாம் கோட்டை விட்ட கதை

“என் குக்கர் வெயிட்டைக் கழட்டி டிராகனுக்குக் கொடுத்துட்டீங்க. நான் எதை வெச்சுப் பருப்பு வேகவைக்கிறது?”

தபீதாள் இதை அடுப்படியில் ஒரு தடவை சொன்னாள். ஹாலுக்கு வந்து ஒரு தடவை சொன்னாள். ஜெபசீலன் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பிறகு, கதவுக்கு வெளியே நின்று ஓர் எழுத்துக்கூட மாறாமல் மறுபடியும் சொன்னாள். கான்வென்ட்டில் மனப்பாடம் செய்து வளர்ந்தவள். சொன்னதைச் சொன்னபடியே சாயங்காலம் வரை சொல்ல அவளால் முடியும்.

“கொடுக்கலை தபீதா. கழட்டிக் கீழே வெச்சேன். எங்கேயோ உருண்டு போயிடுச்சு.”

“ஏன் கழட்டினீங்க?”

“வெயிட் இருந்தா விசில் அடிக்குது. விசில் அடிக்கிற டிராகனைப் பார்த்து எவன் பயப்படுவான்? ரயில்வே கார்டுன்னு நினைச்சுப்பான். வெயிட்டை எடுத்தாத்தான் சீறுது.”

“சீறுற சத்தம் வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே.”

உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஜெபசீலனின் கை அப்படியே நின்றது. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அவருக்கு யோசனை வந்த நாட்களிலெல்லாம் அந்த வீட்டுக்கு ஏதாவது சேதம் நடந்திருக்கிறது.

விஷயம் இதுதான். மருமகன் வில்பிரட் கப்பலில் என்ஜினீயர். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் மாமனாருக்கு ஒரு கேசட் ரிக்கார்டரும், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய ஒரு விளையாட்டுப் பெட்டியும் கொடுத்தான். பெட்டிக்குள் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒரு புத்தகமும், கல்கண்டு மாதிரி கோணல்மாணலாகப் பட்டை போட்ட பகடைகளும் இருந்தன. ஒருத்தர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாக நுழைந்து, ‘நான் வாளை உருவுறேன்’, ‘நான் ஓடறேன்’ என்று சொல்லவேண்டும். உருவிய வாள் வெட்டியதா, ஓடியவன் தப்பினானா என்பதைப் பகடை சொல்லும்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஜெபசீலன் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். தபீதாளைக் கேட்டிருக்கலாம். அவளுடையது கன்னியாஸ்திரீகள் பிரம்பு வைத்து ஏற்றிய இங்கிலீஷ். ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் அர்த்தத்தோடு வேறு பலதும் சேர்ந்து வரும் என்பது சிறுசேமிப்பு ஆபீஸ் தலைமை குமாஸ்தாவான அவருடைய அனுபவம்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். மகள் பியூலா இருந்தவரை அந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அம்மாவும் மகளும் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஒரே நேரத்தில் இரண்டு வேறு பாட்டுப் பாடுவார்கள். அவள் கல்யாணமாகி விசாகப்பட்டினம் போன பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டில் பேசியது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதுவும் திக்கித் திக்கித்தான் பேசும். ஜெபசீலனுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே பெட்டியைத் திறந்தார்.

சனிக்கிழமைதோறும் இரண்டு வீரர்கள் வந்தார்கள். ஒருவர் அப்துல் ரசாக், மார்க்கெட்டில் மெத்தைக் கடை. எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார், அவ்வளவு தொழில் பக்தி. இன்னொருவர் தட்சிணாமூர்த்தி, பூகோள வாத்தியார். எந்தக் காட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மழையளவு கேட்பார். மூவருக்கும் காப்பியும் பஜ்ஜியும் தபீதாளின் இலாகா.

ஆறு கோட்டைகளைப் பிடித்தாயிற்று. ஆறாவது கோட்டையில் மலைப்பாம்பு சுற்றிக்கொண்டிருந்தபோதே ரசாக் குறட்டை விட்டார். அன்றைக்குத் தட்சிணாமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“தப்பா நினைச்சுக்காதீங்க. ரேடியோ நாடகத்துலகூட குதிரை வந்தா கொட்டாங்கச்சி தட்டுறாங்க. நீங்க ‘குதிரை வருது’ங்கிறீங்க, ‘தபால் வருது’ங்கிற மாதிரி. குரோம்பேட்டையில ஒரு ரம்மி கோஷ்டி எங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. அடுத்த வாரம் எனக்குப் பரீட்சைப் பேப்பர், அதுக்கடுத்த வாரம் ஏழாம் கோட்டை. அதுவும் இப்படி வழவழன்னு போச்சுன்னா, நாங்க அங்கே போயிடறோம்.”

ஜெபசீலன் அன்றிரவு சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அது திக்கியது.

மறுநாளிலிருந்து சத்தம் பிடிக்கப் புறப்பட்டார். கொட்டாங்கச்சியில் குதிரை கிடைத்தது. அம்மிக்கல்லை இழுத்ததில் கோட்டைக் கதவு கிடைத்தது. பிஸ்கட் டின் மூடியை ஆட்டியதில் இடி கிடைத்தது. மொட்டைமாடியில் காத்திருந்து விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானத்தைப் பிடித்தார், அது ராட்சசக் கழுகு. சதுப்புநிலத்துக்குத் தவளை வேண்டும் என்று, மழை விட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணை ஏரிக்குப் போனார். முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்து போட்டுக் கேட்டால், தவளைக்கு நடுவே ஒரு மனிதக் குரல்: “இன்னா சார், தவளையாண்ட பேட்டி எடுத்துகினு கீறியா?”

கடைசியாக டிராகன். அதன் கதையைத்தான் ஆரம்பத்தில் பார்த்தோம்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சத்தம். ஏழாம் கோட்டையின் தலைவி ஓர் அரக்கி. அவள் வாய் திறந்தால் மலை பிளக்கும் என்று ஜெபசீலன் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குரலுக்கு எங்கே போவது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு, குளியலறைக் கதவுக்கு வெளியே இருபத்தைந்து வருஷமாக அது நின்றுகொண்டிருப்பது இப்போதுதான் உறைத்தது.

திட்டம் எளிமையானது. ரிக்கார்டரை ஒளித்து வைப்பது. மனைவிக்குக் கோபம் வரும்படி ஏதாவது செய்வது. இரண்டாவதில் அவர் கைதேர்ந்தவர்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் ரிக்கார்டரை அலமாரிப் பக்கம் வைத்து, மைக்கை மட்டும் அடுக்களை அரிசி டின்னுக்குள் செருகினார். பிறகு குளித்த ஈரத் துண்டை, அன்றைக்குத்தான் துவைத்து விரித்த படுக்கை விரிப்பின்மேல் போட்டார். வழக்கமாக இதற்கு ஒரு பிரசங்கம் உண்டு. அது துண்டில் தொடங்கி, அவரை அவர் அம்மா வளர்த்த விதத்தைத் தொட்டு, கல்யாணத்தன்று அவர் மோதிரத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியது வரைக்கும் போய்த்தான் ஆமென் சொல்லும்.

தபீதாள் துண்டைப் பார்த்தாள்.

“பரவாயில்லைங்க. களைச்சு வந்திருப்பீங்க. நான் காயப்போட்டுக்கிறேன்.”

ஜெபசீலன் காதைச் சுத்தம் செய்துகொண்டார். சரி, துண்டு சின்ன விஷயம்.

செவ்வாய்க்கிழமை மீன்குழம்பு. முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

“என்ன இருந்தாலும் உன் அண்ணி கைப்பக்குவம் வராது தபீதா.”

இந்த வாக்கியத்துக்காகத் தட்டுகள் பறந்த வீடுகள் உண்டு. அண்ணிக்கும் தபீதாளுக்கும் பேச்சுவார்த்தையே ஆராதனைக்குப் பின் ஒரு தலையசைப்பு மட்டும்தான். ஜெபசீலன் மேஜைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஆமாங்க. அவங்க கைமணம் தனிதான். அடுத்த தடவை கேட்டு வைக்கிறேன். இன்னும் ஒரு துண்டு போடட்டுமா?”

புதன்கிழமை அவரைக்காய் வாங்கிவரச் சொன்னாள். பாகற்காய் வாங்கி வந்தார். “உடம்புக்கு நல்லது” என்று வாங்கி வைத்தாள். ஆபீஸ் விட்டு மின்சார ரயிலில் வேண்டுமென்றே செங்கல்பட்டு வரை போய்த் திரும்பி வந்தார். “கூட்டமா இருந்திருக்கும், பாவம்” என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

“தபீதா, ஏதாவது கோபமா?”

“ஒண்ணுமில்லைங்க. நீங்க சாப்பிடுங்க.”

அன்று ராத்திரி ஜெபசீலன் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். பாகற்காயால் அல்ல. மெதுவாக அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை.

“காய்ச்சலா?”

“ஒண்ணுமில்லைங்க.”

“பியூலா ஞாபகமா? வேணும்னா ரெண்டு பேரும் விசாகப்பட்டினம் போய்ட்டு வரலாமா?”

“உங்களுக்கு எப்போ சௌகரியமோ அப்போ போகலாங்க.”

அரக்கி அவருக்கு மறந்தே போனாள். வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வரும்போது குக்கருக்குப் புது வெயிட் வந்தது. கூடவே ஒரு பொட்டலம் அல்வாவும் வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒட்டடை அடித்தார். போன வருஷத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் தன் கையாலேயே முறுக்கி நிறுத்தினார். தண்ணீர்க் குடங்களைத் தூக்கினார். எல்லாவற்றுக்கும் அவள் நன்றி சொன்னாள். தபீதாள் நன்றி சொல்லச் சொல்ல அவருக்கு உள்ளே ஏதோ நழுவியது. திட்டு இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ‘எங்கே போய்த் தொலைஞ்சீங்க’ என்று ஒரே ஒரு தடவை கேட்டால்கூடப் போதும், உயிர் வந்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை வந்தது. வீரர்கள் இருவரும் வந்தார்கள். டேப்பில் அரக்கி இல்லை. இருந்ததெல்லாம் ஓர் உத்தமி, அதுவும் கிழமைகள் முன்பின்னாக மாறி.

ஜெபசீலன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். குதிரை ஓடியது. தட்சிணாமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். தவளை கத்தியது. ரசாக் சிரித்தார், பேட்டி வந்ததும் இன்னும் சிரித்தார். டிராகன் சீறியதில் பஜ்ஜி ஒன்று கீழே விழுந்தது. குரோம்பேட்டை கொஞ்சம் தூரமாகப் போனது போலிருந்தது.

“ஏழாம் கோட்டையின் கதவு திறக்கிறது” என்று சொல்லி ஜெபசீலன் பொத்தானை அமுக்கினார். அம்மி உறுமியது. அடுத்து அரக்கி. தொண்டையைச் செருமி, தானே கீச்சுக்குரலில் பேசிவிடுவது என்று முடிவு செய்தார். செருமிய அவசரத்தில் டேப்பை நிறுத்த மறந்துவிட்டார்.

கதவுச் சத்தத்துக்குப் பின்னால், மெதுவாக, அன்பொழுக ஒரு குரல் வந்தது.

“ஒண்ணுமில்லைங்க. நீங்க சாப்பிடுங்க.”

சாய்ந்திருந்த ரசாக் எழுந்து உட்கார்ந்தார்.

“சார், இது யாரு?”

ஜெபசீலன் பகடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அரக்கி.”

“இன்னா சொன்னா?”

“ஒண்ணுமில்லைன்னு.”

ரசாக்கின் முகம் மெத்தைப் பஞ்சு மாதிரி வெளுத்தது. “வாத்தியாரே, நாம என்ன பண்ணோம்?”

“நான் ஒண்ணும் பண்ணலையே” என்றார் தட்சிணாமூர்த்தி. குரல் இறங்கியிருந்தது. “கல்யாண நாள் ஏதாவது மறந்துட்டோமா?”

“இதே வார்த்தையைத்தான் எங்க வூட்ல ஷரீஃபா போன ரம்ஜானுக்கு முந்தி சொல்லுச்சு. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு நான் நம்பிட்டேன். காலைல எழுந்து பாத்தா ஆளு ஆம்பூர்ல கீது, அம்மா வூட்ல.”

டேப் ஓடியது. “பரவாயில்லைங்க. களைச்சு வந்திருப்பீங்க.”

“பரவாயில்லையாம்” என்று தட்சிணாமூர்த்தி முணுமுணுத்தார். “நான் வாளைக் கீழே போட்டுட்டேன்.”

“பகடையை உருட்டணும் சார்” என்றார் ஜெபசீலன்.

“எதுக்கு உருட்டறது? போட்டாச்சு.”

“அவங்க கைமணம் தனிதான்” என்றது டேப். “இன்னும் ஒரு துண்டு போடட்டுமா?”

“துண்டு போடப்போறா” என்றார் ரசாக். “நம்மளைத்தான்.”

“அரக்கிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்” என்றார் தட்சிணாமூர்த்தி.

“எதுக்காக?” என்றார் ஜெபசீலன்.

“எதுக்குன்னு தெரியாமத்தான் கேக்கணும். அதானே வழக்கம். என்ன சொல்றா?”

டேப் தீர்ந்துவிட்டது. சக்கரம் சுற்றி நின்றது. இரண்டு வீரர்களும் ஜெபசீலன் வாயையே பார்த்தார்கள். ஆறு கோட்டையில் ஒரு நாளும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. இப்போது ஒரு வார்த்தை சரியாக வந்தால் ரம்மி இல்லை. ஜெபசீலன் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்.

“எதுக்குன்னு தெரியாம மன்னிப்புக் கேட்டா அரக்கி ஏத்துக்கமாட்டா.”

அடுக்களை வாசலில் தபீதாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. கழுவிவிட்ட கோட்டைக்குள்ளே ரெண்டு பேரும் திமுதிமுன்னு வந்தீங்களே, செருப்பை எங்கே கழட்டினீங்க?”

வீரர்கள் இருவரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள்.

“வாசல்லதான் அக்கா” என்றார் ரசாக்.

“அக்கா இல்லை. அரக்கி. சதுப்புநிலத்துல நடந்த காலைக் கழுவினீங்களா?”

“மழையளவு ஜாஸ்தி, அதனால” என்று ஆரம்பித்த தட்சிணாமூர்த்தி அவள் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“கழுவலை. சரி. ரெண்டு பேரையும் கல்லா மாத்தப்போறேன். தப்பிக்கணும்னா ஆளுக்கு ஒரு சேவிங் த்ரோ உருட்டுங்க.”

“அதை இப்பவே எடுக்கலாமா அக்கா?” என்று ரசாக் ஆச்சரியப்பட்டார். “சேவிங்னா சேமிப்புன்னு சார் சொன்னாரே. வாரம் ஒரு உருட்டை உருட்டாம மிச்சம் பிடிக்கணும், பின்னாடி வட்டியோட வரும்னாரு. நான் கிறிஸ்மஸ்லேர்ந்து கட்டிகினு வரேன்.”

தபீதாள் கணவரைப் பார்த்தாள். சிறுசேமிப்பு ஆபீஸ் தலைமை குமாஸ்தா பஜ்ஜித் தட்டைப் பார்த்தார்.

“சேமிக்கிறதுக்கு இல்லை. உயிர் தப்பிக்கிறதுக்கு” என்றாள். “பக்கம் பார்த்துச் சொல்லட்டுமா?”

“உனக்கெப்படித் தெரியும்?” என்றார் ஜெபசீலன்.

“நீங்க ஆபீஸ் போன பிறகு புத்தகத்துக்கு வீட்டுல வேறென்ன வேலை? ரெண்டு தடவை படிச்சாச்சு.”

“அப்போ இந்த வாரம் பூரா...”

“திங்கட்கிழமை நீங்க குளிச்சுட்டிருந்தப்பவே, பாத்திரம் தேய்க்கிற முனியம்மா வந்து, ‘யம்மா, அரிசி டின்லேர்ந்து கறுப்பா வாலு தொங்குது, எலி’ன்னு விளக்குமாத்தை ஓங்கிட்டா. நான் கையைப் பிடிக்கலைன்னா உங்க மைக்குக்கு அன்னைக்கே நல்லடக்கம்.”

“தெரிஞ்சும் நீ திட்டலையா?”

“கேட்டாத்தானே? திருடினா எப்படி வரும்?” தபீதாளின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. டேப்பில் இருந்த குரலும் இல்லை, குளியலறைக்கு வெளியே நிற்கும் குரலும் இல்லை. “பியூலா போனது எனக்கும்தான் காதுல கேக்குது. கிறிஸ்மஸ்லேர்ந்து வாராவாரம் மூணு காப்பி, ஒரு தட்டு பஜ்ஜி. குதிரைச் சத்தத்துக்குக் கொட்டாங்கச்சி தேடினீங்க, தவளையைத் தேடிப் பீர்க்கன்கரணை போனீங்க. ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, ‘தபீதா, நீயும் வர்றியா’ன்னு கேட்டீங்களா?”

ரசாக்கும் தட்சிணாமூர்த்தியும் சுவரில் இருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்தார்கள்.

ஜெபசீலன் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்தார். கையை நீட்டிக் காட்டினார்.

“தபீதா, நீயும் வர்றியா?”

“வந்தாச்சு. நகருங்க.”

அவள் உட்கார்ந்தாள். பகடைகளை உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கினாள், சோழி குலுக்குவது போல. அடுத்த நிமிஷம் கோட்டைக்குள் காற்று வீசியது, அவள் வாயால். சங்கிலி இழுபட்டது, அவள் சாவிக்கொத்தால். அரக்கி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எந்த டின் மூடியும் ஈடில்லை. தட்சிணாமூர்த்தி உருட்டிய பகடை மேஜைக்கு அடியில் ஓடியது. “கீழே விழுந்தது செல்லாது” என்றாள் அரக்கி. ரசாக் கல்லாகாமல் தப்பித்தார். தட்சிணாமூர்த்தியின் இடது கால் மட்டும் கல்லானது. அவர் நிஜமாகவே அதைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“தபீதா, அப்போ நான் யாரு?” என்று கேட்டார் ஜெபசீலன், நின்றபடியே.

அவள் ஒரு பகடையை உருட்டிப் பார்த்தாள்.

“கோட்டைக்குக் காவல்காரன் ஒருத்தன் உண்டு. அவன் தூங்கினதாலதானே இவங்க ரெண்டு பேரும் சேத்துக் காலோட உள்ளே வந்தாங்க. அவன் நீங்க.”

“காவல்காரன் எங்கே நிக்கணும்?”

“வாசலுக்கு வெளியே.”

“எந்த வாசல்?”

தபீதாள் தெருக்கதவைப் பார்த்தாள். வீரர்கள் இருவரும் தெருக்கதவைப் பார்த்தார்கள்.

ஜெபசீலன் வெளியே போய் நின்றார். ரசாக் கதவைச் சாத்தினார், விதிமுறை என்று சொல்லி. தெருவில் ஓரிரண்டு பேர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஊதியது. அவர் மெதுவாகக் கதவில் காதை வைத்தார். உள்ளே மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. நடுவே தபீதாள் சிரிப்பது கேட்டது. பியூலாவோடு சேர்ந்து சிரிப்பாளே, மூச்சு முட்டி, பாதியில் இருமி, மறுபடி தொடங்கி, அதே சிரிப்பு. அவர் அதைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றார். கடிகாரத்தின் சத்தம் எங்கேயும் இல்லை.

“அடுத்த சனிக்கிழமை ஷரீஃபாவையும் கூட்டிகினு வரட்டா அக்கா?” என்று ரசாக் கேட்பதும் காதில் விழுந்தது.

குரோம்பேட்டை காலி. ஏழாம் கோட்டை நின்றது. கோட்டை விட்டவர் ஜெபசீலன் ஒருவர்தான். அதில் அவருக்கு ஏனோ வருத்தமே வரவில்லை. தலையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. அவர் கதவைத் தட்டினார்.

“தபீதா, தூறல் போடுது. காவல்காரன் உள்ளே வரலாமா?”

உள்ளே பகடைதான் உருண்டது.